பனங்காடையின் பாய்ச்சலைப் படமெடுக்க மரத்தில் எந்தக் கையைக் கட்டலாம்?

பனங்காடை பட்டமரத்து உச்சியில் அரைமணி நேரம்கூட அசையாமல் உட்கார்ந்திருக்கும். உழுத மண்ணில் ஒரு வெட்டுக்கிளி தாவியதும் இறங்கும். இறங்கி, கவ்வி, பழைய இடத்துக்கே திரும்பி, பிடித்ததைக் கிளையில் நாலு தட்டுத் தட்டி விழுங்கிவிடும். எல்லாம் சில விநாடிக்குள் முடிந்துபோகும். உட்கார்ந்திருக்கும்போது பழுப்பாக, யார் கண்ணிலும் படாத பறவை அது. சிறகை விரித்த பிறகுதான் கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக வெளியே வரும். தரையில் ட்ரைபாட் போட்டு அண்ணாந்து எடுத்தால் வெளுத்த வானத்துக்கு முன்னால் பறவை கறுத்துப்போகிறது. கேமராவும் பத்துப் பன்னிரண்டு அடி ஏறி நின்றால் பின்னணி பச்சை வயலாக மாறிவிடும், இறங்கும்போது முதுகும் சிறகும் நிறத்தோடு தெரியும். மரத்தில் கேமராவுக்கு ஒரு கை, அதாவது அடிமரத்தில் கட்டி முனையில் கேமராவைத் தாங்கும் கம்பி, வேண்டும் என்று நான் அலைந்ததற்கு வேறு காரணம் இல்லை.

எங்கள் தோட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கம். கேரளத்தின் சிற்றூர் தாலுக்கா, ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். பனையும் தென்னையும் நெல்வயலும் கலந்த நிலம். பனைப் பொந்தில் பனங்காடையும் புள்ளி ஆந்தையும் குடியிருக்கின்றன. வரப்போரப் பனைகளும் பட்டுப்போன வேம்பும் அவற்றுக்கு வேட்டை மேடை. நாலைந்து வருடத்தில் நான்கு வகைக் கைகளைக் கட்டிப் பார்த்துவிட்டேன். கோவையிலும் பொள்ளாச்சியிலும் இருக்கும் நண்பர்கள் “எதை வாங்கலாம்?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது.

முதலில் இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்வில் நடக்கும் தவறுகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. ‘ட்ரீ ஆர்ம்’ என்று இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்களுக்காகச் செய்தவை. அங்கே வில்லோடு மரத்தில் ஒரு சிறு இருக்கையைக் கட்டி உட்காருவார்கள். தன் வேட்டையைத் தானே படமெடுக்க, தலைக்கு அருகில் மரத்திலேயே கேமராவையும் பொருத்துவார்கள். மான் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாது, ஒரு கை வில்லில் இருக்கும். அதனால் அந்தக் கை நீளமாக, இரண்டு மூன்று இடத்தில் மடங்குவதாக, ஒரு விரல் தள்ளினால் மரத்தைச் சுற்றித் திரும்புவதாக இருக்க வேண்டும். பையில் போட்டுத் தூக்கிப்போக எடையும் குறைவாக இருக்க வேண்டும். ஃபோர்த் ஆரோ, மட்டி போன்ற நிறுவனங்கள் இந்தத் தேவைக்காகத்தான் செய்கின்றன.

நம் தேவை அது அல்ல. இந்தியாவில் காட்டுயிர் வேட்டையை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுத்துவிட்டது. கேரளத்தில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதி தரும் ஏற்பாடு 2022-இல் வந்தது. அதைப் படமெடுக்கக் கை கேட்டு ஒருவர் வந்தார், நான் உதவவில்லை. நான் படமெடுக்க விரும்பும் வேட்டை பறவை தன் பசிக்குச் செய்வது. அந்தப் பறவை எங்கே உட்காரும், எங்கே இறங்கும் என்று ஒரு வாரம் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆகவே மரத்தைச் சுற்றித் திரும்பும் கை நமக்குத் தேவையில்லை. ஒரே திசையைப் பார்த்து, ஆடாமல் நிற்கும் கை வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அடுத்தது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த இடைவெளியில் நாங்கள் இருக்கிறோம். பாலக்காட்டுக் கணவாயில் வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை மேல்காற்று இரைந்துகொண்டே இருக்கும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டிருப்பதும் அதனால்தான். தையிலும் மாசியிலும்கூடக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று பிற்பகலில் கிளம்பும். 400 மில்லிமீட்டர் லென்ஸை இந்தக் காற்றில் மரத்தில் தொங்கவிடுவது எளிய காரியம் அல்ல.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழுச் சட்டக (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அகலம் ஏறத்தாழ 5 டிகிரிதான். இரண்டடி நீளக் கையின் முனை காற்றில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்து எழுந்தால், வளையும்போது முனை 0.14 டிகிரி சாய்கிறது. அகலத்தில் நாலாயிரம் புள்ளிக்குச் சற்றுக் குறைவாக உள்ள 4கே படத்தில் அது நூறு புள்ளிக்கு மேல். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் திரையில் குதிப்பாக வருவது இப்படித்தான். மெதுவோட்டத்தில் எடுத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். விநாடிக்கு ஐந்து முறை நடுங்கும் கை, விநாடிக்கு 120 சட்டமாக எடுத்து 24 சட்டமாக ஓட்டும்போது விநாடிக்கு ஒருமுறை ஊஞ்சலாடும். பறவை அழகாக இறங்கும், வயல் மேலும் கீழும் போய்வரும்.

ஒரு முனையில் மட்டும் பிடித்த கம்பி வளையும் அளவு அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. 60 செ.மீ. கையை 25 செ.மீ. ஆகக் குறைத்தால், அதே கம்பி, அதே எடை, வளைவு கிட்டத்தட்டப் பதினான்கில் ஒரு பங்காகிவிடும். தடிமனும் அப்படியே. சுவர்க் கனம் மாறாமல் 25 மி.மீ. சதுரக் குழாயை 40 மி.மீ. ஆக்கினால் விறைப்பு நான்கு மடங்கு கூடும். அலுமினியமா இரும்பா என்ற கேள்விக்கும் இதே வழிதான். ஒரே அளவுக் குழாயில் இரும்பைவிட அலுமினியம் மூன்று மடங்கு வளையும், எடை மூன்றில் ஒரு பங்கு. பத்து மைல் நடந்து காட்டுக்குள் போகிறவர் எடையைப் பார்க்கட்டும். வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு நூறடி நடக்கும் நமக்கு முக்கால் கிலோ கூடினால் என்ன?

பொள்ளாச்சியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் நான் இரண்டடிக் கைக்குப் படம் போட்டுக் கொண்டுபோனேன். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, ரெண்டடி எதுக்குங்க? மரத்தோட ஒட்டி ஒரு சாண் இருந்தாப் பத்தாதுங்களா?” என்றார். மேலே நான் போட்ட கணக்கை அவர் போடவில்லை. முப்பது வருடமாக இரும்பு எங்கே வளையும் என்று பார்த்த கண் அது.

இனி ஒவ்வொன்றாக.

வேட்டைக்காரர்களுக்கான அயல்நாட்டுக் கையைப் பற்றி நல்லதை முதலில் சொல்கிறேன். அதன் அடிப்பாகம் அருமையான வேலை. மரம் சாய்ந்திருந்தாலும், பட்டை மேடுபள்ளமாக இருந்தாலும், அடித்தட்டைத் திருகுகளால் சரிக்கட்டி, குமிழி நடுவில் வரும்படி மட்டம் பார்க்கலாம். மட்டம் இல்லாத கை தன் எடையாலேயே பள்ளத்துப் பக்கம் தானாகத் திரும்பிவிடும். பாய்ச்சலின் நடுவில் சட்டகம் மெல்ல நகர்ந்துபோகும். நம் ஊரில் பிராக்கெட் செய்கிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். மரத்தைச் சுற்றும் பெல்ட், மேலே மாட்டும் கை, முனையில் கேமராவைத் திருப்பவும் சாய்க்கவும் உதவும் ஹெட் என்று மூன்றையும் தனித்தனியாகக் கழற்றலாம், இருட்டிலும் கைத்தடவலில் பூட்டலாம்.

குறை இரண்டு. ஒன்று விலை. பொருளின் விலையோடு அனுப்பும் கூலியும் சுங்கமும் சேரும்போது ஒரு நல்ல ஹெட்டின் விலையைத் தாண்டிவிடுகிறது. இன்னொன்று மூட்டுகள். ஒவ்வொரு மடிப்பும் ஒரு சிறு ஆட்டம். கையடக்கக் கேமராவும் சின்ன லென்ஸும் வைக்கிறவருக்கு அது தெரியாது. 400 மி.மீ. வைத்தால் தெரியும். நான் இணையத்தில் வாங்கிய ஒரு மடிப்புக் கையில், பூட்டும் குமிழ் பிளாஸ்டிக். இரண்டு கோடை வெயிலில் அது வெளுத்து, மூன்றாவது பங்குனியில் விரலோடு உடைந்து வந்தது. கேமரா முகம் குப்புறச் சாய்ந்தது. தனியாக ஒரு கம்பிக் கயிற்றால் கட்டியிருந்ததால் கீழே விழவில்லை. அன்றிலிருந்து எந்தக் கையாக இருந்தாலும் இரண்டாவது கயிறு இல்லாமல் நான் ஏற்றுவதில்லை. மரத்தடியில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் உட்காருவார்கள். மூன்று கிலோ இரும்பும் கண்ணாடியும் பன்னிரண்டு அடியிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே வயிறு கலங்குகிறது.

ஆக, பரண் கட்டி மேலே உட்கார்ந்து, சுற்றிலும் வரும் எதையும் தொடர்ந்து படமெடுக்க வேண்டியவர்களுக்கு அயல்நாட்டுக் கை சரி. ஆற்றங்கரை ஆலமரத்தில் மறைவிடம் கட்டி உட்காருகிற என் நண்பர் ஒருவருக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. வயலோரத்தில் ஒரு திசையைப் பார்த்துக் காத்திருப்பவருக்கு அது வேண்டாத நீளம்.

அடுத்தது ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்தும் மேஜிக் ஆர்ம் என்ற மடிப்புக் கையும், அதைக் கிளையில் கவ்விப் பிடிக்கும் சூப்பர் கிளாம்ப்பும். கோவையில் வாடகைக்கே கிடைக்கும். கையில் ஒரே ஒரு திருகு. அதை இறுக்கினால் மூன்று மூட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மான்ஃப்ரோட்டோவின் சூப்பர் கிளாம்ப் 13 முதல் 55 மி.மீ. தடிமன் வரை கவ்வும், 15 கிலோ தாங்கும். இந்தப் பதினைந்தைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பதினைந்து என்பது கிளாம்ப்பின் பலம். அதில் மாட்டும் மேஜிக் ஆர்முக்கு அந்தப் பலம் கிடையாது. அதைவிட முக்கியம் அந்த 55 மி.மீ. இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான கிளையைத்தான் அது பிடிக்கும். அப்படிப்பட்ட கிளை காற்றில் ஆடாமல் இருக்குமா? அடிமரத்தை அது கவ்வாது. பனையையும் தென்னையையும் பற்றிப் பேச்சே இல்லை.

ஆனால் இதை ஒதுக்கிவிடாதீர்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஆக்ஷன் கேமராவை, பறவை உட்காரும் கொம்புக்கு ஐந்தடி தள்ளி வைக்க இதைவிட நல்லது இல்லை. அகலக் கோணத்தில் ஆட்டம் தெரியாது. கைபேசியிலிருந்து ஓடவிடலாம். என் பதிவுகளில் எனக்கே பிடித்த ஒன்று அப்படி வந்ததுதான். பனங்காடை வாயில் தேளோடு வந்து இறங்குகிறது, கொடுக்கு வெளியே துடிக்கிறது, மூன்று தட்டு, பிறகு ஒன்றுமில்லை. நெல்வயலில் விவசாயிகள் எலிக்காகவும் பூச்சிக்காகவும் நடும் ‘டி’ வடிவப் பறவைத் தாங்கி தெரியுமல்லவா? அதன் குறுக்குக் கட்டையிலேயே கிளாம்ப்பைக் கவ்வவைத்தேன். இரட்டைவால் குருவி பகலில் வரும், புள்ளி ஆந்தை அந்தியில் வரும். மரமே வேண்டியிருக்கவில்லை.

மாமரத்தில் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முசுறு என்ற சிவப்பு எறும்பின் கூடு இருக்கிறதா என்று முதலில் மேலே பாருங்கள். கிளாம்ப்பை இறுக்கிக்கொண்டிருக்கும்போது அவை கழுத்துக்குள் இறங்கினால் கேமராவையா பிடிப்பீர்கள், உடம்பையா?

மூன்றாவது வகை மரத்துக்குள் திருகிச் செருகும் கொக்கி. தானியங்கிக் கேமராக்களுக்கு என்று விற்கிறார்கள், நூறு இருநூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. கூரிய முனை, மரத்திருகு, வெளியே கேமரா திருகு. பொருத்த ஒரு நிமிடம். இதை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். தென்னையில் காயம் பட்டால் அந்த வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். துளையில் முட்டையிடும். புழு உள்ளேயே தின்றுகொண்டு போகும். வெளியே தெரியும்போது குருத்து சாய்ந்திருக்கும். இருபது வருடம் வளர்த்த மரத்தை ஒரு படத்துக்காக இழப்பதா? பனையும் இந்த வண்டுக்கு விலக்கல்ல. வேம்பும் புளியும் காயத்தை ஆற்றிக்கொள்ளும் என்றாலும், மரம் நம்முடையது அல்லாதபோது அந்த உரிமை நமக்கு ஏது? இந்த ஒரு வகையில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

இப்போது பட்டறைக் கை. என் பதில் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதுகுக்கு ஒரு ஆங்கிள் இரும்பு, ஓரடி நீளம். அதன் வாய் மரத்தைப் பார்க்க வேண்டும். உருண்டை மரத்தை இரண்டு விளிம்பும் தொட்டுப் பிடிக்கும், நழுவாது. விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் பட்டையில் தழும்பு விழாது, இரும்பு மரத்தில் உரசும் சத்தமும் வராது. இந்த முதுகின் நீளத்தில் எவரும் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம். கேமராவின் எடை முன்னால் இழுக்கும்போது மேல் பெல்ட் இழுபடும், கீழ் நுனி மரத்தில் அழுந்தும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் தாங்குகிறது. மூன்றரைக் கிலோ பாரம் 25 செ.மீ. தள்ளி நின்றால், 25 செ.மீ. இடைவெளியுள்ள முதுகில் மேல் பெல்ட்டுக்கு வரும் கூடுதல் இழுப்பு மூன்றரைக் கிலோதான். அதே பாரம் 60 செ.மீ. தள்ளி, முதுகு வெறும் 10 செ.மீ. என்றால் 21 கிலோ. வாங்கிய கைகள் மெதுவாக முகம் தொங்குவதன் ரகசியம் இங்கேதான்.

முதுகிலிருந்து முன்னால் 40 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம், 25 செ.மீ. நீளம். இந்தக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிலோ, ஆகவே இந்தத் துண்டு அறுநூறு கிராம்தான். கீழே ஒரு சாய்வுத் தாங்கல் வைத்து வெல்டிங் செய்தால், கடையில் சுவரில் அலமாரி நிற்கிற மாதிரி நிற்கும். முனையில் ஒரு தட்டு, தட்டின் நடுவில் மூன்று-எட்டு அங்குலத் திருகு, அதன் மேல் ஹெட்.

திருகைப் பற்றிப் பலருக்குப் பயம். கேமரா திருகு நம் ஊர் லேத்தில் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கிடைக்கும். கேமரா அடியில் இருப்பது கால் அங்குலம், அங்குலத்துக்கு இருபது நூல். ஹெட்டின் அடியில் இருப்பது மூன்று-எட்டு அங்குலம், பதினாறு நூல். பழைய விட்வொர்த் போல்ட்டுக்கும் இதே அளவில் இதே நூல் எண்ணிக்கைதான். பள்ளத்தின் கோணத்தில் சிறு வித்தியாசம் உண்டு, அது நம் இறுக்கத்துக்குத் தடையில்லை. “கால் இஞ்ச், இருபது நூல்” என்று சொன்னால் எந்த லேத்காரருக்கும் புரியும். மில்லிமீட்டர் போல்ட்டை மட்டும் போட்டுத் திணித்துவிட வேண்டாம், கேமராவின் மறை போய்விடும்.

மட்டத்துக்கு நான் செய்தது இது. முனைத் தட்டை ஒன்றாக வைக்காமல் இரண்டாக வைத்து, நடுவில் மூன்று போல்ட்டும் மூன்று ஸ்பிரிங்கும் போட்டேன். போல்ட்டை முடுக்க முடுக்க மேல்தட்டு சாயும். பக்கத்தில் கொத்தனார் வைத்திருக்கிற மாதிரி சின்ன ரசமட்டம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அயல்நாட்டுக் கையின் சிறப்பு எதுவோ அது இதில் வந்துவிட்டது. அடிப்பாகம் கிண்ணம்போல உருண்டிருக்கும் வீடியோ ஹெட் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையும் மிச்சம். பட்டறை அண்ணன் கிண்ணத்துக்குப் பொருத்தமாக ஒரு வளையத்தைக் கடைந்து தட்டில் பற்றவைத்துவிடுவார்.

பெல்ட் லாரிக்காரர்கள் பாரம் கட்டும் ராட்செட் பெல்ட். இரண்டு வேண்டும், மேலே ஒன்று, கீழே ஒன்று. பாலியஸ்டரா என்று கேட்டு வாங்குங்கள். நைலான் இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். காலையில் கட்டியது பத்து மணிக்குத் தளர்ந்து நிற்கும். கயிறும் அப்படித்தான், எவ்வளவு நன்றாக முறுக்கிக் கட்டினாலும் காய்ந்ததும் தொய்யும். நீளத்தை அளந்து வாங்குங்கள். எங்கள் வரப்புப் பனையின் சுற்றளவு ஒரு மீட்டர் அறுபது. அயல்நாட்டுக் கையோடு வரும் பெல்ட் சில பெரிய பனைகளுக்குச் சுற்றிவருவதே இல்லை.

இரும்பு, வெல்டிங், போல்ட், பெல்ட், ஒரு பூச்சு என்று எனக்கு மூவாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. குறை இல்லாமல் இல்லை. மடியாது, தோளில் தொங்கவிட்டால் விலாவில் இடிக்கும். துருப்பிடிக்கும், வருடம் ஒருமுறை பூச வேண்டும். கேமரா ஒரே இடத்தில் நிற்பதால் பறவை திசையை மாற்றினால் நாமும் மரத்தை மாற்ற வேண்டும். ஆனால் காற்றடிக்கும் மாசி மாதப் பிற்பகலில் 400 மி.மீ. லென்ஸில் வயல் அசையாமல் நின்றதைத் திரையில் பார்த்த அன்று இந்தக் குறைகள் எல்லாம் எனக்குச் சிறிதாகிவிட்டன.

கையைவிட மரம் முக்கியம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தென்னை உச்சியில் எவ்வளவு நல்ல கை கட்டினாலும் பயனில்லை, மரமே ஆடும். பனையில் தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிவரை பாறை மாதிரி. வேம்பிலும் புளியிலும் முதல் கவைக்குக் கீழே கட்டுங்கள். முருங்கை வேண்டவே வேண்டாம். சாய்ந்த மரத்தில் சாய்வின் மேல்பக்கம் கட்டினால் எடை மரத்தின் மேலேயே இறங்கும்.

பொந்துள்ள மரத்தில் மட்டும் எதையும் கட்டாதீர்கள். மாசிக்குப் பிறகு பனங்காடை கூடு வைக்கத் தொடங்கும். பொந்துக்குள் கேமரா எட்டிப்பார்க்கும் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பறவையின் முட்டையையும் கூட்டையும் குலைப்பதை நம் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அது வேட்டையாடும் கொம்பு கூட்டிலிருந்து தள்ளித்தான் இருக்கும். அங்கே போனால் போதும். முதல் நான்கு நாள் வெறும் கையை மட்டும் கட்டிவிட்டு வாருங்கள், லென்ஸுக்குப் பதில் ஒரு கறுப்புப் பிவிசி குழாய்த் துண்டு. பறவை அதைப் பொருட்படுத்தாமல் பழையபடி வந்து உட்கார்ந்த பிறகே கேமரா. பரம்பிக்குளம், ஆனைமலை போன்ற காப்பகங்களுக்குள் இந்த எதுவும் நம் விருப்பத்துக்கு இல்லை. தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு பெல்ட்டைக்கூடச் சுற்றக் கூடாது.

மரத்தை விட்டுவிடலாமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். வயலோரம் மோட்டார் ரூம் இருக்கிறதா? அதன் கான்கிரீட் மேல்தளம் தரையிலிருந்து ஒன்பது பத்தடி. ஆடாது. அங்கே ட்ரைபாடைக் குட்டையாக விரித்து, கால்களில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டால் மேலே சொன்ன எந்தக் கையும் அதற்கு ஈடாகாது. எங்கள் தோட்டத்து மோட்டார் ரூம் தவறான திசையில் இருப்பதால்தான் நான் பட்டறைக்குப் போனேன். உங்களுடையது சரியாக இருந்தால் மூவாயிரம் மிச்சம்.

மேலே மின்கம்பி போகும் மரத்தைத் தவிருங்கள், ஏணியும் இரும்புக் கையும் கையில் இருக்கும்போது அண்ணாந்து பார்க்க மறந்துவிடும். தனியாக ஏறவும் வேண்டாம். ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் கட்டாயம்.

இன்னொருவரைக் கேட்காமல் கட்டவே கூடாது. சிற்றூர்ப் பக்கத் தென்னைகள் பலவற்றில் கள் இறங்குகிறது. கள் இறக்குபவரை இங்கே செத்துக்காரர் என்போம். காலையும் மாலையும் தவறாமல் ஏறுவார். ஒருநாள் எங்கள் செத்துக்காரர் மரத்தடியில் நின்றுகொண்டு, “இந்த பெல்ட்டு நான் தளை போட்டுக் கால் வைக்கிற இடத்துல இருக்குதுங்க. ராத்திரி மசங்கல்ல கால் பட்டா நழுவிருமுங்க” என்றார். எனக்கு உறைத்தது. அன்றே அவிழ்த்தேன். கள் இறக்கும் மரங்களைத் தொடுவதே இல்லை என்று அன்று வைத்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. எந்த மரத்தில் எந்தப் பறவை எத்தனை மணிக்கு வந்து உட்காருகிறது என்று எனக்குச் சொல்வதும் அவர்தான். அந்த உயரத்திலிருந்து தினமும் இரண்டு வேளை வயலைப் பார்க்கிறவர் வேறு யார் இருக்கிறார்கள்?

படம் முடிந்ததும் பெல்ட்டை அவிழ்த்துவிடுங்கள். பனையும் தென்னையும் ஆண்டுக்கு ஆண்டு பருப்பதில்லை. அவற்றில் பெல்ட் இறுகாது, ஆனால் உள்ளே ஈரம் தங்கும், எறும்பு கூடு வைக்கும். வேம்பும் புளியும் பருத்துக்கொண்டே இருக்கும். மூன்று வருடம் முன்பு வேறொருவர் வேம்பில் கட்டிவிட்டு மறந்துபோன கம்பி ஒன்றை நான் வெட்டி எடுத்தேன். பட்டை அதன்மேல் உதடு மாதிரி மூடியிருந்தது. வெட்டிய இடத்தில் இப்போதும் பிசின் வழிகிறது.